பள்ளியில் படித்த மூன்று பாடங்கள்

(மெட்டுகுடாவில் நடந்த குடும்பச் சந்திப்பில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பள்ளிக்கூடத்தில் கற்றதைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசும்படி சங்கத்தினர் கேட்டுக்கொண்டார்கள். கற்றது நிறைய. அதில் மூன்று பாடங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று விஞ்ஞானம், ஒன்று கலை, ஒன்று போராட்டம். பள்ளியில் இவை மூன்றும் மூன்று தனிப் புத்தகங்கள். மூன்று வெவ்வேறு டீச்சர்கள். பரீட்சையும் வேறு வேறு நாளில். ஆனால் நம் ஊர்ச் சரித்திரத்தைப் புரட்டினால் இந்த மூன்றும் ஒன்றோடொன்று கலந்தே இருந்திருக்கின்றன. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

முதலில் விஞ்ஞானம். மலேரியா எப்படிப் பரவுகிறது என்று பாடத்தில் படித்தோம். அந்தப் பெயருக்கு இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' என்று பொருள். சதுப்பு நிலத்துக் காற்றால் வருகிற ஜுரம் என்றே வெகு காலம் நம்பினார்கள். அது கொசுவோடு சம்பந்தப்பட்டது என்பதற்கு முதல் நேரடிச் சான்று கிடைத்தது நம் பேகம்பேட்டையில். 1897 ஆகஸ்ட் 20ஆம் தேதி, ராணுவ டாக்டரான ரொனால்ட் ராஸ் ஒரு கொசுவின் வயிற்றைக் கீறி மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது மலேரியாக் கிருமி அங்கே வளர்வதைக் கண்டார். அதற்கு முன் இரண்டு வருஷமாக எத்தனையோ கொசுக்களை அவர் கீறிப் பார்த்தும் பலன் கிடைக்கவில்லை. பங்கா வீசினால் கொசுக்கள் பறந்துவிடும் என்று ஹைதராபாத் வெயிலில் காற்றில்லாமல் உட்கார்ந்து வேலை செய்தார். 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பாடம் அத்துடன் முடிந்துவிடுகிறது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டது இரண்டு விஷயம். அந்தக் கொசு குடித்த ரத்தம் ஹுசைன் கான் என்ற நோயாளியுடையது. ஒரு கொசு கடிப்பதற்கு ஓரணா வீதம் ராஸ் அவருக்குக் கொடுத்தார். என் பாடப்புத்தகத்தில் ஹுசைன் கானின் பெயர் இல்லை. இன்னொன்று, ராஸ் ஒரு கவிஞரும்கூட. கண்டுபிடித்த சந்தோஷத்தை மனைவிக்குக் கவிதையாகவே எழுதி அனுப்பினார். விஞ்ஞானம் ஓர் அறையில், கவிதை வேறோர் அறையில் என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை.

அடுத்தது கலை. 1879இல் இந்த ஹைதராபாத்தில் பிறந்தவர் சரோஜினி நாயுடு. அவருடைய தகப்பனார் அகோரநாத் சட்டோபாத்யாய வங்காள பிராமணர். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். அவர் இங்கே தொடங்கி வைத்த ஆங்கிலப் பள்ளிதான் பின்னாளில் நிஜாம் கல்லூரியாக வளர்ந்தது. மகள் கணித மேதையாகவோ விஞ்ஞானியாகவோ வரவேண்டும் என்பது அவர் ஆசை. பதினோரு வயதில் அல்ஜீப்ரா கணக்கு ஒன்று வராமல் சரோஜினி திண்டாடிக்கொண்டிருந்தார். கணக்கு வரவில்லை, கவிதை வந்துவிட்டது. இதைச் சொன்னவர் சரோஜினியேதான். மறுவருஷம், பன்னிரண்டு வயதில், மதராஸ் சர்வகலாசாலையின் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் தேறினார். ஆக, படிப்பு வராததால் கவிதைக்குப் போனவர் இல்லை.

இங்கிலாந்துக்குப் படிக்கப் போனபோது, அந்த ஊர்ப் பறவைகளையும் அந்த ஊர் வசந்தத்தையும் பற்றி ஆங்கிலேயர் எழுதுவது போலவே எழுதினார். எட்மண்ட் காஸ் என்ற விமர்சகர் அவற்றைப் படித்துவிட்டு, இதெல்லாம் வேண்டாம், உன் தேசத்தில் நீ கண்டதை எழுது என்று புத்தி சொன்னார். சரோஜினி கேட்டுக்கொண்டார். 1905இல் வந்த அவருடைய முதல் கவிதைத் தொகுதியில் பல்லக்குத் தூக்கிகளும் நம் ஊர்ப் பாட்டுகளும் இடம் பெற்றன. 'கோல்டன் த்ரெஷோல்ட்' என்பது அந்தத் தொகுதியின் பெயர். நாம்பள்ளியில் உள்ள அவர்கள் வீட்டுக்கும் அதே பெயர். 1974இல் ஏற்பட்ட ஹைதராபாத் பல்கலைக்கழகம் முதன்முதலில் இயங்கியது அந்த வீட்டில்தான்.

மூன்றாவது போராட்டம். இதுவும் அதே வீட்டு விஷயம். மெட்டுகுடாவாசிகளான நமக்கு நெருக்கமான விஷயமும்கூட. இங்கே நம்மவர் குடும்பங்களில் பாதிக்கு மேல் ரயில்வேயை நம்பி வந்தவைதானே! 1883இல் நிஜாம் ராஜ்யத்தில் சாந்தா வரை ரயில் பாதை போடும் திட்டம் ஒன்று வந்தது. பணம் போடுகிறவர்கள் லண்டன்காரர்கள். பொறுப்பு ராஜ்யத்தின் கஜானாவுக்கு. என்ன நிபந்தனை, எவ்வளவு சுமை என்பது ஜனங்களுக்குத் தெரியாது. அகோரநாத்தும் முல்லா அப்துல் கய்யூம் போன்ற நண்பர்களும் சேர்ந்து, ஒப்பந்த விவரங்களை வெளியிடுங்கள் என்று கேட்டார்கள். ரயில் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. கணக்கைக் காட்டுங்கள் என்றார்கள். அதற்காகவே அகோரநாத் ஹைதராபாத்தை விட்டு வெளியேற்றப்பட்டார். பின்னாளில்தான் திரும்பி வர அனுமதி கிடைத்தது. அப்போது சரோஜினி நாலு வயதுக் குழந்தை.

அந்தக் குழந்தை வளர்ந்து 1930 மே 21ஆம் தேதி தராசனா உப்பளத்தின் முன் சுமார் 2,500 தொண்டர்களுக்குத் தலைமை தாங்கி நின்றது. காந்தியடிகள் அப்போது சிறையில் இருந்தார். இரும்புப் பூண் போட்ட தடிகளால் போலீசார் அடித்தார்கள். தொண்டர்கள் வரிசை வரிசையாக முன்னே போய் விழுந்தார்களே தவிர, அடியைத் தடுக்கக்கூடக் கை தூக்கவில்லை. அதே வருஷம் ஏப்ரலில் நம் ராஜாஜி சுமார் 100 தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். தொண்டர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் உத்தரவு போட்டார். ஜனங்கள் சோற்று மூட்டைகளை மரக்கிளையில் கட்டி வைத்துவிட்டுப் போனார்கள்.

இந்த மூன்று பாடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று புரிகிறது. கெட்ட காற்று என்று எல்லோரும் சொன்னபோது, ஆதாரம் எங்கே என்று தேடியது விஞ்ஞானம். யாரோ பார்த்ததை எழுதாமல் தான் கண்டதை எழுதியது கலை. கணக்கைக் காட்டுங்கள் என்றது போராட்டம். மூன்றுக்கும் மூலதனம் சத்தியம் ஒன்றுதான். உண்மையைப் பார்க்க வேண்டும், பார்த்ததைச் சொல்ல வேண்டும், சொன்னதற்கு வரும் கஷ்டத்தைத் தாங்க வேண்டும்.

இனி நான் சொல்லப்போவதைப் பெரியவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் விழா மலர்களில் நம்மவர்களின் பெருமையை நிறையப் படிக்கிறேன். சர் சி.வி. ராமன், ராஜாஜி, மதுரை வைத்தியநாத ஐயர் என்று பட்டியல் நீளும். எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் அவர்கள் பெயரோடு நடந்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் எங்களுக்குப் பாடம் முழுமையாகும்.

வைத்தியநாத ஐயர் 1939 ஜூலை 8ஆம் தேதி, கோயிலுக்குள் விடப்படாத சமூகத்தைச் சேர்ந்தவர்களை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். அர்ச்சகர்களில் சிலர் பூஜைக்கு வர மறுத்தார்கள். அவரை மிகவும் எதிர்த்தவர்களில் நம் சமூகத்தவர் பலர் இருந்தார்கள். இன்று அவரை நம்மவர் என்கிறோம். அன்று அவரைத் தூற்றியவர்களும் நம்மவர்களே. சர் சி.வி. ராமன் 1933இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராக இருந்தார். பம்பாய் சர்வகலாசாலையில் முதலாவதாகத் தேறிய கமலா பாகவத் அங்கே இடம் கேட்டபோது, பெண் என்பதால் அவர் மறுத்துவிட்டார். கமலா விடவில்லை. காந்தியடிகளின் வழியில், காரணம் சொல்லுங்கள் என்று கேட்டு நின்றார். கடைசியில் ஒரு வருஷம் பரிசோதனையாகப் பார்க்கலாம் என்று நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார்கள். அவருடைய உழைப்பைப் பார்த்து ராமன் மனம் மாறினார். பிறகு வந்த பெண்களுக்கும் கதவு திறந்தது. கமலா 1939இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். கமலா சோஹனி என்று உலகம் அறிந்தவர் அவர்தான். ராமனுடைய பெருமை இதனால் குறைந்துவிடாது. தன் கருத்து தப்பு என்று சான்று கிடைத்தபோது மாற்றிக்கொண்டதும் விஞ்ஞானம்தானே?

கேள்வி கேட்பது நம் மரபுக்கு விரோதமானதா என்றால், இல்லை. பால் வற்றிப்போன பசுக்களைத் தகப்பனார் தானம் கொடுப்பதைப் பார்த்து, என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று மூன்று தரம் கேட்டவன் நசிகேதஸ். அப்பாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கேள்வியால்தான் நமக்குக் கடோபநிஷத் கிடைத்தது. ஜனகர் சபையில் யாக்ஞவல்கியரிடம் கார்க்கி கேட்டுக்கொண்டே போனாள். இதற்கு மேல் கேட்டால் தலை விழுந்துவிடும் என்றார் அவர். கார்க்கி அப்போது உட்கார்ந்தாள். ஆனால் மறுபடியும் எழுந்து கேட்டாள். இரண்டு பேச்சையும் உபநிஷத் மறைக்காமல் வைத்திருக்கிறது.

இப்போது எங்கள் சங்கடத்துக்கு வருகிறேன். ஹைதராபாத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை எந்த வீட்டுக்குப் போனாலும் கேட்கிற கேள்வி, "என்னம்மா, எம்.பி.சி.யா, பை.பி.சி.யா?" என்பதுதான். கணிதமா, உயிரியலா என்று அர்த்தம். சரித்திரமும் பொருளாதாரமும் உள்ள குரூப்களும் இருக்கின்றன. அதை யாரும் கேட்பதில்லை. எனக்குச் சரித்திரம் பிடிக்கும் என்று சொன்னால், "மார்க் நன்னாத்தானே வரது, அப்புறம் ஏன்?" என்று பரிதாபமாகப் பார்க்கிறார்கள். நம் நிலைமை அப்படி, வேலை கிடைக்கிற படிப்பாகப் படிக்க வேண்டும் என்கிற கவலை எனக்குப் புரிகிறது. அந்தக் கவலை பொய் இல்லை. ஆனால் விஞ்ஞானியான அகோரநாத் தன் மகளின் நோட்டில் கணக்குக்குப் பதில் கவிதையைப் பார்த்தபோது அதைத் தடுக்கவில்லை. நான் என்ன எடுப்பேன் என்று அப்பா, அம்மாவோடு பேசித்தான் முடிவு செய்வேன். அந்தப் பேச்சில் எங்கள் பக்கத்துக் காரணத்தையும் காது கொடுத்துக் கேளுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

எம் வயதினருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கூச்சல் போடுவதும் கல்லெறிவதும் போராட்டம் ஆகாது. செல்போனில் வந்ததைப் படிக்காமலே பத்துப் பேருக்கு அனுப்புவதும் ஆகாது. ராஸ் இரண்டு வருஷம் கொசுவைக் கீறிய பிறகு பேசினார். அகோரநாத் விவரம் கேட்டார், வதந்தி பரப்பவில்லை. நாமும் கேட்பதற்கு முன் படிக்க வேண்டும். பெரியவர்கள் பதில் சொன்னால் பொறுமையாகக் கேட்க வேண்டும். பதில் சரியாக இருந்தால் ஒப்புக்கொள்ளவும் வேண்டும்.

முடிவாக, சங்கத்துக்கு ஒரு யோசனை. 2017 நவம்பரிலிருந்து மெட்டுகுடாவுக்கு மெட்ரோ ஓடுகிறது. அதிலேயே பேகம்பேட்டை போகலாம். அங்கிருந்து அமீர்பேட்டையில் மாறி நாம்பள்ளி போகலாம். ராஸ் வேலை செய்த இடத்தையும் சரோஜினியின் வீட்டையும் வெளியிலிருந்தாவது ஒரே நாளில் பார்த்துவிடலாம். வருஷத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளை அப்படி அழைத்துப் போங்கள். மற்ற ஊர்க் கிளைகளும் தத்தம் ஊரில் இப்படி ஓர் இடத்தைத் தேடிப் பார்க்கலாம். போய்வந்த பிள்ளைகள் ஆளுக்கொரு கேள்வி எழுதித் தரட்டும். மார்க்குக்குப் பரிசு கொடுக்கிற மேடையிலேயே நல்ல கேள்விக்கும் ஒரு பரிசு கொடுங்கள்.

சின்னவள் பேச்சில் பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு ஆசீர்வாதம் செய்யுமாறு பெரியோர்களை வேண்டிக்கொள்கிறேன்.