மலைப்பாதையும் மோட்டார் சைக்கிளின் சுருள்வில்லும்



தேனி மாவட்டத்துக் கம்பம் நகரை விட்டு மலைமீது ஏறும் சாலை, கொண்டை ஊசி வளைவுகள் பலவற்றைக் கடந்து, கம்பம்மெட்டில் தமிழகத்தின் எல்லையைத் தாண்டி, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துக்குள் புகுகிறது. ஏலத் தோட்டங்களுக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளும், பேருந்துகளும், சரக்கு வண்டிகளும் இச்சாலையைப் பகிர்ந்துகொள்கின்றன. இவற்றிடையே, நெடுங்கண்டத்திலும் கட்டப்பனையிலும் பிழைப்பு நடத்தும் நம்மவர், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சொந்த ஊருக்கு மோட்டார் சைக்கிளில் வருகின்றனர். பின்னிருக்கையில் மனைவி, அவருக்குப் பின்னே துணிமூட்டை. இத்தகைய பயணிகளுக்கு மிகவும் வேண்டிய ஒரு செய்தியையே இன்று சொல்ல முற்படுகிறேன்.

பந்தய வண்டியின் சாயலில் அமைந்த மோட்டார் சைக்கிள்களை இளைஞர்கள் இன்று விரும்பி வாங்குகின்றனர். அவற்றின் ஷாக் அப்சார்பரைப் பற்றி இருவகை எண்ணங்கள் உலவுகின்றன. எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லது என்பார் சிலர்; எவ்வளவு மெத்தென்று இருக்கிறதோ அவ்வளவு சுகம் என்பார் சிலர். இரண்டும் முழு உண்மை அல்ல. முதுகுக்குச் சுகம் தருவதோடு, சக்கரத்தைத் தரையை விட்டு அகலாமல் காப்பதும் அக்கருவியின் கடமை. தரையைத் தொடாத சக்கரத்தைத் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது.

இக்கருவியினுள் இருவர் பணிபுரிகின்றனர் எனலாம். ஒருவர் சுருள்வில், பாரத்தைத் தாங்குவதும் மேட்டின் அதிர்ச்சியை ஏற்பதும் அவர் வேலை. மற்றவர் எண்ணெய். வில் அமுங்கும்போதும் விரியும்போதும் எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்கிக்கொண்டு செல்கிறது. துள்ளலின் ஆற்றல் அங்கே வெப்பமாக மாறி அடங்குகிறது. எண்ணெயின் தடையே இல்லையென்றால் வண்டி ஒரு பள்ளத்தைக் கடந்த பின்னும் ஊஞ்சல்போல் ஆடிக்கொண்டிருக்கும். எண்ணெயால் தணிக்கும் குழாய்வடிவ முன் போர்க்கை 1935ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் தன் வண்டிகளில் அமைத்தது. நம் நாட்டிலோ, ஓசூரின் டி.வி.எஸ். நிறுவனம் 2021ஆம் ஆண்டில், தனது அப்பாச்சி ஆர்.ஆர். 310 வண்டியை வாங்குவோர் வேண்டினால், முன்னும் பின்னும் முழுமையாகத் திருத்தியமைக்கக்கூடிய சஸ்பென்ஷனைப் பொருத்தித் தர முன்வந்தது. விலை குறைந்த வண்டிகள் பலவற்றில் பின்புற வில்லை மட்டுமே திருத்த இயலும். அந்த ஒன்றைச் சரிவரச் செய்தாலே பெரும்பயன் உண்டு.

திருத்தத்தைத் தொடங்குமுன் டயரின் காற்றை, வண்டி ஓடிச் சூடேறாத நிலையில், கைப்புத்தகம் சொல்லும் அளவுக்கு நிரப்புங்கள். காற்றுக் குறைந்த டயரின் குற்றத்தை ஷாக் அப்சார்பரின்மேல் ஏற்றுவது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது.

அடுத்தது அமிழ்வை அளத்தல். சக்கரம் பாரமின்றித் தொங்கும் நிலையில், அதன் அச்சிலிருந்து நேர்மேலே வண்டியின் ஓர் இடம் வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் நீங்கள் வழக்கமான உடையுடன் ஏறி அமர, இன்னொருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, மூன்றாமவர் அதே தொலைவை மீண்டும் அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே அமிழ்வு. சாலைப் பயணத்துக்கு இது சக்கரத்தின் மொத்த அசைவில் ஏறத்தாழக் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இருத்தல் நலம். அசைவு 120 மில்லிமீட்டர் என்றால், அமிழ்வு 30 முதல் 40 வரை இருக்கலாம். அதற்கு மேல் அமிழ்ந்தால் வில்லின் வளையத்தை இறுக்குங்கள், குறைந்தால் தளர்த்துங்கள்.

இங்கே ஒரு மயக்கம் தெளிய வேண்டும். வளையத்தை இறுக்குவதால் வில் கடினமாவதில்லை. வண்டி நிற்கும் உயரமே கூடுகிறது. கடைசி வரை இறுக்கியும் அமிழ்வு அடங்கவில்லையெனில், அந்த வில் உங்கள் எடைக்கு ஏற்றதன்று என்று கொள்க. அப்போது வில்லையே மாற்ற வேண்டும்.

எண்ணெயின் தடையைத் திருத்தும் வசதி உள்ள வண்டியில், திருகை முழுவதும் மெல்ல மூடி, எத்தனை சொடுக்கு எனக் குறித்துக்கொண்ட பின்னரே மாற்றத்தைத் தொடங்குங்கள். ஒருமுறைக்கு ஒரே திருகு. அதிலும் இரண்டே சொடுக்கு. பின்னர், அறிந்த அதே சாலைத் துண்டில் ஓட்டம். ஒரே நேரத்தில் பலவற்றைத் திருப்பினால் எது நன்மை செய்தது, எது தீமை செய்தது என்று பிரித்தறிய இயலாது. மேட்டைக் கடந்த பின் பின்புறம் துள்ளிக்கொண்டே இருந்தால் விரிவுத் தடை போதாது. அடுத்தடுத்த மேடுகளில் வண்டி மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டே போனால் அத்தடை மிகுதி. விரிவதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது. சிறு கற்களும் கையைக் குலுக்கினால் அமுக்கத் தடை மிகுதி. பிரேக்கைப் பிடித்தவுடன் முன்புறம் அடி வரை முட்டினால் அது குறைவு.

இனி மலைப்பாதைக்கு வருவோம். ஒருவர் எடைக்குத் திருத்திய வண்டியில் இருவரும் மூட்டையும் ஏறினால் பின்புறம் தாழ்ந்து முன்புறம் உயர்கிறது. முன் போர்க்கின் சாய்வு மிகுந்து, முன் சக்கரத்தின் மேல் பாரம் குறைகிறது. வண்டி திரும்ப மறுத்து, வளைவின் வெளிப்பக்கமாக ஒதுங்க முனைகிறது. கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது அந்த வெளிப்பக்கம், மேலிருந்து இறங்கும் ஜீப்பின் பாதையாக அமையக்கூடும். போதாக்குறைக்கு முகப்பு விளக்கின் ஒளியும் மேல்நோக்கி எழுந்து, எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்கிறது. தென்மேற்குப் பருவமழை நனைத்த சாலையில் இவ்விரண்டும் சேர்ந்தால் விளைவு என்னாகும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆகவே துணையோடு புறப்படும் நாளில், புறப்படுமுன் பின்புற வளையத்தைக் கைப்புத்தகம் கூறும் அளவுக்கு இறுக்கி, விளக்கின் ஒளியையும் சரிபாருங்கள். மூட்டையைப் பின்னால் உயரக் கட்டாமல், இயன்றவரை தாழ்வாகவும் முன்னோக்கியும் வையுங்கள். தனியே ஓட்டும்போது வளையத்தை மீண்டும் பழைய நிலைக்கே கொண்டுவாருங்கள். இல்லையெனில் பின்புறம் உயர்ந்து, கைப்பிடி அளவுக்கு மீறிச் சுருசுருப்பாகிவிடும்.

எண்ணெய் கசியும் ஷாக் அப்சார்பரையும், தேய்ந்த டயரையும், தளர்ந்த பேரிங்கையும் எந்தத் திருகும் குணப்படுத்தாது. அவற்றை மெக்கானிக்கிடம் காட்டி மாற்றியே தீர வேண்டும். போர்க்கின் எண்ணெயும் காலப்போக்கில் தன் வலுவை இழக்கும். உரிய காலத்தில் அதையும் மாற்றுக.

அளவு நாடாவும், காகிதமும், பென்சிலும், வளையத்தைத் திருப்பும் சாவியும் இருந்தால் போதும். அரைமணி நேரத்தில் அமிழ்வை அளந்து வளையத்தைத் திருத்திவிடலாம். நெடுந்தொலைவிலிருந்து ஊர் திரும்புவோர் அந்த அரைமணியைத் தமக்காக மட்டுமன்றி, பின்னே அமர்ந்து தம்மை நம்பி வருபவருக்காகவும், வளைவின் மறுபுறத்தில் முகம் தெரியாமல் வருபவருக்காகவும் செலவிடுவது கடமையாகும்.