சாளரத்தில் எழுதிய வரலாறு
(சங்கத்தின் வெள்ளி விழாவில் நிகழ்த்திய உரை)



வடமதுரையில் நம் இரவுப் பாடசாலையின் மேற்குச் சாளரத்தைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம். மாலை வெயிலில் அது தரையெங்கும் சிவப்பும் நீலமும் சிந்துவதைக் கண்டிருப்பீர்கள். அதைச் செய்தோர் நம் பிள்ளைகள். பொருள்களோ கறுப்பு அட்டை, வண்ணக் கண்ணாடித் தாள், மைதாப் பசை, சவரத் தகடு ஆகியவையே.

பிரான்சு நாட்டின் சார்த்ர் பேராலயத்தில் 13ஆம் நூற்றாண்டின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் இன்றும் ஒளிர்கின்றன. உருக்கிய கண்ணாடியில் உலோக உப்புகளைக் கலந்து நிறமேற்றி, துண்டுகளை ஈயப் பட்டைகளால் இணைத்தனர். அங்கே நல்ல சமாரியன் கதை கூறும் சாளரத்தின் அடியில் இருப்போர் யார்? செருப்புத் தைக்கும் தொழிலாளர்! வேறு சாளரங்களில் தச்சரும் ரொட்டி சுடுவோரும் கல் கொத்துவோரும் உள்ளனர். திண்டுக்கல் தோல் ஆலைகளில் உழைத்த நம் முன்னோர்க்கு எந்தச் சுவரில் இடம் கிடைத்தது?

இவ்வெண்ணமே எங்களைத் தூண்டிற்று. முறை எளிது. இரண்டு கறுப்பு அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் படத்தை வரைந்து, நிறம் வரவேண்டிய இடங்களை வெட்டி எடுத்திடுக. இடையிலுள்ள பட்டைகள் அரை அங்குலத்திற்குக் குறையலாகாது. ஒவ்வொன்றும் மற்றொன்றையோ விளிம்பையோ தொட்டு நிற்க வேண்டும். இன்றேல் துண்டு கழன்று விழும். துளையைவிட விரலளவு பெரிதாகக் கண்ணாடித் தாளை வெட்டி, ஓரத்தில் மட்டும் பசையிட்டு ஒட்டி, இரண்டாம் அட்டையால் மூடுக. மஞ்சள்மேல் நீலம் வைத்தால் பச்சை பிறக்கும். பசையைப் பூச்சி அரியாதிருக்கச் சிட்டிகை மயில்துத்தம் சேர்க்கலாம். அது நஞ்சாதலின் பெரியவர்களே கையாள்க.

முதல் முயற்சியில் பசை நீர்த்துப்போய்த் தாள் சுருங்கியது. அடுத்ததில் வெயில் பட்டு நிறம் வெளுத்தது. தாளின் சாயம் கண்ணாடியின் நிறம்போல் நிலைக்காது. ஆதலின் ஆண்டுதோறும் மாற்றுகின்றோம்.

எனினும் பெருஞ்சிக்கல் தாளில் இல்லை, படத்தில் இருந்தது. நடுவில் அண்ணல் அம்பேத்கர் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. அவர் நீலச் சட்டைக்கு நீலத் தாளும், மூக்குக் கண்ணாடிக்குக் கறுப்புப் பட்டையும் இயல்பாய்ப் பொருந்தின. அவர் காலடியில் பறையையும் செருப்பூசியையும் வைக்க இளைஞர் விரும்பினர். “நம்மை இழிவுபடுத்திய பொருள்களை நாமே ஏன் காட்ட வேண்டும்?” என்று பெரியவர் ஒருவர் கண்கலங்கிக் கேட்டார். அவர் வேதனை மெய்யானது. இளவயதில் கட்டாயத்தின் பேரில் சாவு வீடுகளில் பறையடித்தவர் அவர்.

தொழிலைப் பகுப்பதாகச் சொல்லி உழைப்பவரையே படிப்படியாகப் பிரித்தது சாதி என அண்ணல் 1936இல் விளக்கினார். இழிவு ஊசியில் இல்லை. பிறப்பைக் காட்டி அதைக் கையில் திணித்தவர் செயலில் உள்ளது. மூன்று இரவுகள் பேசினோம். முடிவில் பறையும் ஊசியும் இடம்பெற்றன. அவற்றின் மேலே திறந்த நூலொன்றும் வந்தது. அந்நூலின் வெண்தாளை ஒட்டியவர் அப்பெரியவரே.

இளைஞர்களே, அடுத்த ஆண்டு நிறம் வெளுக்கும்போது அச்சாளரம் உங்கள் கைகளுக்கு வரும். எதை வைப்பது, எதை நீக்குவது என்று நீங்களும் கூடிப் பேசி முடிவெடுங்கள். தாள் மாறலாம், நம் வரலாற்றை நாமே வரையும் உரிமை மாறலாகாது.