இழுவை வீட்டின் டயர்

அமெரிக்க நாட்டிலே விடுமுறைக் காலத்தில், காரின் பின்னால் ஒரு சிறு வீட்டையே பூட்டி இழுத்துக்கொண்டு பயணம் செய்வோர் பலர். படுக்கை, சமையலறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அமைந்த அந்த இழுவை வண்டிக்குப் புது டயர் வாங்க நேரும்போது எவற்றைப் பார்க்க வேண்டும்?

வரிப்பள்ளம் தேயாத டயர் நல்ல டயர் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் இவ்வண்டி ஆண்டில் பல மாதங்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். தேயுமுன்பே அதன் ரப்பர் வெயிலாலும் காற்றாலும் முதுமை எய்திவிடும். ஆகவே முதலில் அறிய வேண்டியது டயரின் வயது. பக்கச் சுவரில் 'டி.ஓ.டி.' என்று தொடங்கும் வரிசையின் இறுதி நான்கு இலக்கங்கள் அதனைக் கூறும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். கடையில் நெடுநாள் கிடந்த டயர் புதியதன்று.

அடுத்தது சுமை. நான்கு டயர்களின்மேல் 2,400 கிலோ இறங்குமானால், டயருக்கு 600 கிலோ என்று கணக்கிட்டு நின்றுவிடலாகாது. சமையலறை உள்ள பக்கம் கூடுதலாக அழுத்தக்கூடும். ஆதலால் தாங்குதிறன் அதனினும் மிகுந்திருத்தல் வேண்டும். 'எஸ்.டி.' என்னும் குறி, இழுவை வண்டிக்கென்றே செய்த டயரைக் காட்டும்.

மூன்றாவது காற்று. அது குறைந்தால் டயர் மிகுதியாக நெளியும். நெளிவு வெப்பத்தை வளர்க்கும். வெப்பம் டயரின் அடுக்குகளைப் பிரிக்கும். நெடுஞ்சாலையில் ஒரு டயர் வெடித்தால், முன்னே செல்லும் காரும் நிலைகுலையலாம். அதில் இருப்பது ஒரு குடும்பம். மலிவு கண்டு மயங்காமல், டயரில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குவதே அறிவுடைமை.