மாமா வாங்க இருந்த லாரி

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ஊர் பெரிய முதலியார்சாவடி, ஈசிஆர்ல புதுச்சேரிக்குக் கொஞ்சம் வடக்கே. என் மாமா மரக்காணத்துலேர்ந்து உப்பு லோடு அடிக்கிறவர். பழைய வண்டி ஓய்ஞ்சு போச்சு. செகண்ட் ஹேண்ட்ல ஒரு நடுத்தர லாரி பார்த்து வெச்சிருந்தார்.

"மாப்ள, உள்ளே ஜப்பான் வண்டிதானாம், மேலே பேர் மட்டும் வேறயாம். நம்பி வாங்கலாமா?"

அத்தை நகையை அடகு வெச்சு வாங்கப் போற வண்டி. நெட்ல பார்த்துட்டு வாய்க்கு வந்ததைச் சொல்ல முடியாது.

ஒரே லாரி ரெண்டு பேர்ல ஓடுறது புதுசில்ல. ஒரகடத்துல டைம்லர் ஆலை இருக்கு. 2012-லேர்ந்து அங்கே தயாராகிற லாரிகள் இங்கே பாரத்பென்ஸ். 2013-லேர்ந்து அதே ஆலையிலிருந்து கப்பல் ஏறி, இலங்கையிலயும் கென்யாவிலயும் ஃபூசோ.

இன்னும் பழைய கதை 1980-கள்ல இருக்கு. அது லைசென்ஸ் தயாரிப்பு, ஆனா கேள்வி இதேதான். டொயோட்டாவோட டிசிஎம், நிசானோட ஆல்வின், மஸ்டாவோட சுவராஜ், மிட்சுபிஷியோட ஐச்சர். நாலுமே ஜப்பான் டிசைன். 1985-க்கு அப்புறம் யென் மதிப்பு எகிறுச்சு. ஜப்பான்லேர்ந்து வர்ற பாகங்களோட விலையும் கூடவே ஏறுச்சு. பாகங்களைச் சீக்கிரம் இங்கேயே செய்யப் பழகினவங்களுக்குத் தாக்குப்பிடிக்கிறது சுலபமாச்சு. ஐச்சரும் சுவராஜும் நின்னாங்க. டிசிஎம் டொயோட்டாவும் ஆல்வின் நிசானும் அந்தப் பேர்ல நிக்கலை. இதுக்கு நடுவுல 1986-ல வந்த டாட்டா 407 இன்னிக்கும் தெருவுல ஓடுது.

நம்ம பாஷையில சொன்னா, யாரோ எழுதின கோடை நம்ம லோகோ போட்டு ரிலீஸ் பண்றது தப்பில்ல. நாளைக்கு பக் வந்தா யார் சரி பண்ணுவாங்கங்கிறதுதான் கேள்வி. லாரிக்கு அந்த பதில் பார்ட்ஸ் கடையில இருக்கு.

அதனால மாமாகிட்ட ரெண்டு வேலை சொன்னேன். ஒண்ணு, கிளட்ச் பிளேட், வாட்டர் பம்ப், வீல் சிலிண்டர், இன்ஜெக்டர். இந்த நாலையும் விழுப்புரத்துலயும் புதுச்சேரியிலயும் கடைக்கு போன் பண்ணிக் கேளுங்க. பாகத்து மேல இருக்கிற நம்பரைச் சொல்லிக் கேளுங்க, ஏன்னா ஒரே மாடல்லயே வருஷத்துக்கு வருஷம் பாகம் மாறும்.

ரெண்டாவது, டார்ச்சோட வண்டிக்கு அடியில படுங்க. உப்புத் தண்ணி சொட்டுற லோடு எந்தப் பேர் போட்ட சேஸியையும் தின்னும். கிராஸ் மெம்பர், பிரேக் பைப், எர்த் வயர் இணைப்பு, மூணையும் பாருங்க. பெயிண்ட் புதுசா இருந்தா ஸ்க்ரூடிரைவரால தட்டிப் பாருங்க.

கிளட்ச் பிளேட் கையிருப்பு. வாட்டர் பம்ப்புக்கு "ஆர்டர் போடணும், பத்து நாள் ஆகும்"னாங்க. பத்து நாள் வாடகை போனா எவ்வளவுன்னு மாமாவே கணக்குப் போட்டார். அப்புறம் அடியில படுத்தார். பின்பக்க கிராஸ் மெம்பர்ல ஸ்க்ரூடிரைவர் உள்ளேயே போயிடுச்சு.

வண்டியை விட்டுட்டார். இப்போ வேற ஒண்ணு பார்க்கிறார். இந்தத் தடவை என்னைக் கேட்கலை, முதல்ல பார்ட்ஸ் கடைக்குத்தான் போன் போட்டார்.

உங்க வீட்டுலயும் யாராவது லாரி பார்த்துட்டிருந்தா இந்த எபிசோடை அனுப்பி விடுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.