'எனக்குப் பிடிக்கும்'



"தமிழ்ப் பள்ளியிலே படிச்சா மத்த மொழி நாக்கிலே ஏறுமாங்க? பையனை அடுத்த வருசம் மாத்திடலாமான்னு பாக்குறோம்" என்று ஒரு தாயார் சற்று முன் கேட்டார். அவருக்காக ஸ்பானிய மொழியிலிருந்து ஒரே ஒரு வினைச்சொல்: 'குஸ்தார்', பிடித்திருத்தல்.

ஆங்கிலத்தின் 'ஐ லைக்', மலாயின் 'சாயா சுக்கா' இரண்டிலும் 'நான்'தான் முன்னே வந்து நிற்கிறது. ஸ்பானியத்தில் அது நடக்காது. 'மே குஸ்தா எல் மாங்கோ' என்றால் எனக்கு மாம்பழம் பிடிக்கும். 'மே' எனக்கு, 'தே' உனக்கு, 'நோஸ்' நமக்கு. ஆங்கிலம் வழியாக வருகிறவர்கள் 'யோ குஸ்தோ' என்று 'நானை' முன்னே தள்ளிவிட்டு முழிப்பார்கள். நம் பிள்ளையோ தொட்டிலிலேயே 'எனக்கு' என்று ஆரம்பித்தவன்!

ஓர் இடத்தில் மட்டும் நாமும் கவனிக்கணும். பழம் பலவானால் வினையும் மாறும்: 'மே குஸ்தான் லோஸ் மாங்கோஸ்'. தின்கிற ஆளைப் பார்க்காதே, பழத்தை எண்ணு!

ஆசிரியரைப் பிடிக்கும் என்பதற்கு மட்டும் இந்தச் சொல் வேண்டாம், பிள்ளைகளா. காதல் வாடை அடிக்கும். 'மே காயே பியென்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளுங்கள்.

அம்மா, உங்கள் பையனை மேடைக்கு அனுப்புங்கள். மாம்பழ வாக்கியம் இரண்டையும் அவனே சொல்லட்டும், கேட்போம்.