வாக்காளர் அட்டை போதும், நேபாளம் போகலாம்



வெளிநாடுன்னா விமானம், பாஸ்போர்ட், லட்ச ரூபாய் என்றுதான் நினைக்கிறோம். நேபாளம் போக நமக்கு விசா கிடையாது, பாஸ்போர்ட்டும் கட்டாயமில்லை. ஓட்டுப் போட எடுத்துப் போகிற வாக்காளர் அட்டை போதும். ஆதாரை மட்டும் நம்பிப் போக வேண்டாம்.

கோவை, ஈரோடு, சேலம் வழியாகவே கோரக்பூருக்கு நேரடி ரயில் இருக்கிறது, வாரத்தில் சில நாள். இரண்டு ராத்திரிப் பயணம். அங்கிருந்து பஸ்ஸில் சுமார் 100 கிலோமீட்டர் போனால் சோனௌலி எல்லை. நடந்தே தாண்டிடலாம்! புத்தர் பிறந்த லும்பினி பக்கம்தான்.

காசு விஷயத்தில்தான் உஷாராக இருக்கணும். அங்கேயும் ரூபாய்தான், ஆனால் நம்ம 100 ரூபாய் அவங்களுக்கு 160. 1993 முதல் இதே கணக்கு. கடைக்காரர் 800 என்றால், எந்த ரூபாய்னு முதல்ல கேளுங்க. நேபாள ரூபாய் என்றால் நாம் 500 கொடுத்தால் போதும். கேட்காமல் கொடுத்தால் 300 போச்சு, நம்மில் பலருக்கு அது ஒரு மாதச் சேமிப்பு. 100 ரூபாய் நோட்டாகவே கொண்டு போவது நல்லது.

இதுக்கு உட்கடன் வாங்கலாமான்னு சிலர் கேட்கிறாங்க. வேண்டாம்னுதான் சொல்வோம். உட்கடன் மாடு வாங்க, பிள்ளை படிக்க. பயணத்துக்குத் தனியாச் சேர்ப்போம். வர விருப்பமுள்ளவங்க அட்டையில் பெயரும் போட்டோவும் சரியா இருக்கான்னு இன்றைக்கே எடுத்துப் பாருங்க.