மழலையர்க்கு ஒரு தாழ்வாரம்
(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மொழி வளர்ச்சி என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தனர். தமிழாசிரியராதலின் இலக்கணம் பேசுவார் என்று அஞ்சி வந்தோர் சிலர் இருக்கலாம். அஞ்ச வேண்டுவதில்லை; யாம் பேசப் புகுவது விளையாட்டைப் பற்றியே. பள்ளி புகாத நம் சிறார்கள் பெற்றோரோடும் பாட்டன் பாட்டியரோடும் கூடி, சௌராஷ்டிரமும் தமிழும் ஆகிய இரு மொழிகளையும் கேட்டு விளையாடுதற்கு, நம் மண்டபத்தின் முன் தாழ்வாரத்தை வாரத்தில் மூன்று காலை வேளைகள் விட்டுக்கொடுத்தல் வேண்டும். இதுவே எம் வேண்டுகோள்.

நம் முன்னோர் மதுரையிற் குடியேறிப் பல நூற்றாண்டுகள் ஆயின. அத்துணைக் காலமும் நம் மொழியைக் காத்தவை வீடும் தெருவுமே, பள்ளிக்கூடம் அன்று. தெருவிற் பாவு நீட்டிக் கஞ்சி தோய்த்த நாளில், பெரியோர் இருமருங்கும் நின்று தொழில் செய்ய, சிறார் அதன் ஓரத்திற் பாண்டியாடினர். ஏவலும் கடிதலும் கொஞ்சலும் கேலியும் அவ்விடத்தே அவர் செவியிற் புகுந்தன. தமிழ் பேசும் அயல்வீட்டுப் பிள்ளைகளும் அவ்வாட்டத்திற் கலந்தமையால் தமிழும் உடன் புகுந்தது. இன்றோ தறிகள் அருகின. தெருவை இருசக்கர வண்டிகள் கைக்கொண்டன. குழந்தை அறைக்குள் கைப்பேசியும் தானுமாய் இருக்கின்றது. பாட்டி ஒன்று கூற, பேத்தி ஆங்கிலம் விரவிய தமிழில் வேறொன்று கூற, இடையே தாய் நின்று மொழிபெயர்க்கும் இல்லங்களை யாம் கண்டிருக்கின்றோம். நீங்களும் கண்டிருப்பீர்கள்.

'2001-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் நம் மொழியினர் 1,85,420 பேர், 2011-இல் 2,47,702 பேர், மொழி வளர்கின்றதன்றோ?' என்று மகிழ்வாரும் உளர். இன்ன மொழி எம் தாய்மொழி என்று வீட்டார் சொல்வதே அக்கணக்கில் எழுதப்படும். அவ்வீட்டுக் குழந்தை அம்மொழியிற் கதை கேட்கின்றதா, சண்டையிடுகின்றதா என்று கணக்கெடுப்போர் வினவுவதில்லை.

'ஞாயிறுதோறும் மொழி வகுப்பு நடத்தலாமே' என்பர் சிலர். வகுப்பென்றவுடன் எந்த எழுத்திற் கற்பிப்பது என்னும் வழக்கு எழும். இராமராய் அவர்கள் பாடநூல் இயற்றிப் போற்றிய நம் எழுத்தா, நாகரியா, தமிழெழுத்தா என்று நம்மவர் வாதித்த வாதம் இன்னும் முடிந்தபாடில்லை. அது கற்றோர் தீர்த்துக்கொள்ளட்டும். மூன்று அகவைக் குழந்தைக்கு எழுத்து எதற்கு? அதற்கு வேண்டுவது, தன்னோடு பேசுவார் ஒருவரும் உடன் ஆடுவார் சிலருமே.

இவ்வழியைக் கைக்கொண்டு பயன் கண்டோர் பிற நாட்டிலும் உளர். நியூசீலந்து நாட்டின் பழங்குடியினராகிய மாவோரிகள் தம் மொழியை இழக்கும் நிலையில் இருந்தனர். பள்ளியில் அம்மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்ட காலமும் உண்டு. பெற்றோரிற் பலர் அதனை அறியார். முதியோர் நாவிலேயே அது பெரிதும் எஞ்சியிருந்தது. 1982-ஆம் ஆண்டில், வெலிங்டன் நகர்க்கு அண்மையிலுள்ள வைனுயியோமாட்டா என்னும் ஊரில், 'மொழிக்கூடு' என்று பொருள்படும் 'கோஹங்கா ரேயோ' ஒன்றை முதன்முதல் அமைத்தனர். முதியோர் மழலையரைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, பாடியும் ஆடியும் உணவூட்டியும் மாவோரி மொழியிலேயே பேசினர். 1994-ஆம் ஆண்டளவில் அத்தகைய கூடுகள் சற்றேறக்குறைய 800 ஆயின. குழந்தைகளை அழைத்துவந்த தாய்மார் பலர் தாமும் உடன் கற்றனர். 1987-இல் அம்மொழி சட்டத்தால் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று.

ஆயின் அவர் முறையை அப்படியே பெயர்த்துக்கொள்ளுதல் நமக்குப் பொருந்தாது. அவர்கள் கூட்டினுள் ஆங்கிலத்தைப் புகவிடவில்லை. தெருவெல்லாம் அதுவே ஒலித்தமையின் அது தக்கதே. நமக்குத் தமிழ் அத்தகைய அயலன்று. வீட்டிற் சௌராஷ்டிரம் பேசி வளர்ந்த கும்பகோணத்து எம். வி. வெங்கட்ராம் அவர்கள் தமிழில் எழுதிய 'காதுகள்' என்னும் புதினம் 1993-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. வீட்டுமொழி அவர் தமிழுக்கு யாதொரு தீங்கும் செய்யவில்லை. இன்று நம் பிள்ளைகள் தமிழையும் சேர்த்தன்றோ இழக்கின்றனர்? ஆகலின் தாழ்வாரத்தில் இரண்டும் ஒலித்தல் வேண்டும்.

நிற்க. அவ்விடம் வருவார்க்கு இனியதாதல் எங்ஙனம் என்பதே அரிய பகுதி. நம் இல்லங்களில் வேற்று மொழிக் குடும்பத்திலிருந்து வந்த மருமக்கள் உளர். நம் மொழியிற் பேசத் தொடங்கும் அவர்களை நாம் சிரித்துச் சிரித்தே ஊமையாக்கிவிடுகின்றோம். தாழ்வாரத்தில் அது கூடாது. பெரியவராயினும் சிறியவராயினும் ஒருவர் சொல்லைப் பிழையென்று திருத்துதல் வேண்டா. திருந்திய சொல்லை நாம் மறுமொழியில் வழங்கினாற் போதும், செவி பற்றிக்கொள்ளும். ஆசிரியத் தொழிலில் இருபது ஆண்டுகள் கழித்த எமக்கே இது எளிதன்று என்பதனையும் சொல்லிவைக்கின்றோம்.

சுங்குடிப் புடவைக்கு முடிச்சுக் கட்டும் தாய்மார் தம் வேலையைக் கையோடு கொணரலாம். கூலி இழந்து வருக என்று எவரையும் அழைத்தல் முறையன்று. முடிச்சை எண்ணும் எண்ணே குழந்தைக்குக் கணக்கும் ஆகும். பாட்டியர் பல்லாங்குழியும் சொட்டாங்கல்லும் ஆடட்டும். பாட்டன்மார் செய்தித்தாளை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வருக.

ஒன்றிற் கருத்து வேற்றுமை உண்டு. 'நம் சங்கத்து இடத்தில் பிற வகுப்பார் பிள்ளைகள் வருவானேன்?' என்று முன்வரிசையில் இருக்கும் பெரியவர் ஒருவர் எம்மிடம் முன்னரே வினவினார். அவர்பால் எமக்கு மதிப்புண்டு. எனினும் இதில் உடன்படுதற்கில்லை. தெருப்பிள்ளைகள் வாராத இடத்தில் தமிழ் எங்ஙனம் ஒலிக்கும்? வாயிலில் நின்று சாதி வினவும் இடத்திற்கு எந்தத் தாய்தான் மகிழ்ந்து குழந்தையைக் கொணர்வாள்? நம் பிள்ளைகளே நாளடைவில் அங்கே வாரார்.

மண்டபத்திற்கு வாடகை குறையுமே என்பதும் மெய்யே. முகூர்த்த நாட்களில் தாழ்வாரம் வேண்டா. அன்று விடுத்து மறுநாள் கூடுவோம். தெருப்பக்கத்து வாயிலுக்கு ஒரு கம்பிக்கதவும், கைகழுவக் குழாய் ஒன்றும் வேண்டும். பாய் ஐந்தும் பல்லாங்குழிப் பலகை இரண்டும் யாம் கொணர்வோம். சாவி யாரிடம் இருப்பது என்பதனை மட்டும் இக்கூட்டம் கலையுமுன் முடிவு செய்துதருமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.